எட்டு நெல்லின் பெயர்

பழுதுபார்க்கும் கடையில் பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி இது. மதர்போர்டு எரிந்துபோன மடிக்கணினி ஒன்று வந்திருக்கிறது. உள்ளே கல்யாணப் படங்கள், பத்திர நகல்கள், பல வருடக் கணக்குகள். உரிமையாளர் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறார். கடைப் பையன் வாங்கவே இல்லை. "பாஸ்வேர்டெல்லாம் வேணாம் பாய், டிஸ்க்கைக் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டுனா வந்துடும்." சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரு பென்டிரைவில் வந்துவிடுகின்றன. அதே உரிமையாளர் பிறகொரு நாள் தண்ணீரில் விழுந்த கைப்பேசியைக் கொண்டுவருகிறார். அதே பையன் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறான். "போர்டுக்கு உயிர் வந்தாத்தான் பாய் போட்டோ. சிப்பைத் தனியாக் கழட்டுனா ஒண்ணும் வராது."

இரண்டுக்கும் பூட்டு இருந்தது. ஒன்று கேட்காமலே திறந்தது, மற்றது கெஞ்சினாலும் திறக்கவில்லை. பையனுக்குக் கணினி வேலை தெரியும், கைப்பேசி வேலை தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவன் சொன்னது இரண்டுமே சரி. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

கடவுச்சொல் யாருடைய விதி

கணினியைத் திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறதே, அதைக் கேட்பது இயங்குதளம். விண்டோஸாக இருக்கலாம், லினக்ஸாக இருக்கலாம். சரியாகச் சொன்னால் உள்ளே விடும், தவறினால் விடாது. இது அந்த இயங்குதளம் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. தகவல் கிடக்கும் இடத்துக்கு (ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இரண்டையும் இனி வட்டு என்றே சொல்கிறேன்) இந்த விதி தெரியாது. வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் அங்கே ஓடுவது அந்தக் கணினியின் இயங்குதளம். பழைய விதியைக் கேட்க அங்கே ஆளே இல்லை. படங்கள் எழுதியபடியே கிடக்கின்றன, படிக்க வேண்டியதுதான் பாக்கி.

கைப்பேசியில் கதை வேறு. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 தொட்டு, திறனுள்ள புதிய கைப்பேசிகளில் தகவல் முழுவதும் குலைக்கப்பட்ட வடிவத்தில்தான் சேமிக்கப்படுகிறது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சாவியை உருவாக்க, பலகையில் இருக்கும் பிராசஸருக்குள் பொதிந்த ஒரு ரகசியமும் வேண்டும். அதனால்தான் சிப்பைத் தனியே கழற்றிப் பயனில்லை. இப்படிக் குலைத்துவைப்பதை மறையாக்கம் என்பார்கள். சாவி இல்லாதவருக்கு மறையாக்கிய தகவல் அர்த்தமற்ற எண்களின் குவியலாகத்தான் தெரியும். கைப்பேசியில் தானாக நடக்கும் இந்த வேலையைக் கணினியில் பெரும்பாலும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினி

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணினி வேண்டும். முத்துப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சம்பா நடவு முடிந்ததும் பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்று விவசாயிகள் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார்கள். அறுவடை முடிந்தால் கொள்முதல் நிலையத்துக்காக அதே தாள்கள் மறுபடி வரும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிய ஊர் இது, ஆகவே பாஸ்போர்ட் நகல்களுக்கும் விசாத் தாள்களுக்கும் பஞ்சமில்லை. எல்லாம் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே மடிக்கணினியில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

அந்த மடிக்கணினி பேருந்தில் திருடு போனால் கடைக்காரருக்கு நஷ்டம் கணினியின் விலைதான். ஊர்க்காரர்களின் அடையாளமும் நிலமும் வங்கிக் கணக்கும் யார் கைக்கோ போகின்றன. பிறருடைய தகவலை வைத்திருப்பவர் அதற்குத் தக்க பாதுகாப்பு செய்தாக வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும், கையெழுத்துப் போட்ட தாளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு விவசாயிக்கு நாம் பட்ட கடன் அது என்றே நான் நினைக்கிறேன்.

இந்தக் கணினியில் லினக்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது அந்நியமான சங்கதி இல்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக் நிறுவனம், அதற்கு அடித்தளம் டெபியன். அந்த டெபியனை நிறுவும்போதே 'வட்டு முழுவதையும் மறையாக்கவா' என்று கேட்கும் வசதி 2007-இல் வெளியான அதன் நான்காம் பதிப்பிலேயே வந்துவிட்டது. பலரும் அந்தக் கேள்வியைப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எழுதும் வழியில் ஒரு அடுக்கு

'ஆம்' என்று சொன்னால் என்ன நடக்கும்? இயங்குதளத்துக்கும் வட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு உட்காருகிறது. கடைக்காரர் ஒரு சிட்டாவை ஸ்கேன் செய்து சேமித்தால், அது வட்டைத் தொடும் முன்பே இந்த அடுக்கு அதைக் குலைத்துவிடுகிறது. திறந்து பார்த்தால், வட்டிலிருந்து வரும் வழியில் மீட்டுக் கொடுக்கிறது. மேலே இருக்கும் மென்பொருள்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. வட்டில் எந்த நேரத்திலும் தெளிந்த எழுத்து இல்லை.

குலைக்கும் முறைக்குப் பெயர் ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வகுத்த முறை, 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றது. முறை முழுவதும் பகிரங்கம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரகசியம் சாவி மட்டும். 256 பிட் நீளமுள்ள சாவிகள் மொத்தம் எத்தனை என்று எழுதினால் 78 இலக்கங்கள் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாத காரியம்.

வட்டு சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் 512 அல்லது 4096 பைட். மறையாக்கம் கட்டம் கட்டமாக நடக்கிறது, கட்டத்தின் எண்ணும் கணக்கில் சேர்கிறது. ஆகவே ஒரே விண்ணப்பப் படிவம் நூறு இடத்தில் இருந்தாலும் நூறும் வேறு வேறாகத் தெரியும். இன்னொரு பயனும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எல்லாமே பாழாகிவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்போது எழுதிக்கொண்டிருந்த கட்டத்துக்குத்தான் ஆபத்து, அது சாதாரண வட்டிலும் உள்ள ஆபத்துதான். ஒரே ஓர் இடம் இதற்கு விலக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வேகம் குறையுமா என்றால், இப்போதைய பிராசஸர்களில் ஏஇஎஸ் கணக்குக்கென்றே தனி வசதி இருக்கிறது. ஜெராக்ஸ் கடை வேலையில் வித்தியாசமே தெரியாது.

ஒரு நொடியில் மாறும் பூட்டு

இங்கே ஒரு புதிர். வட்டில் ஐந்நூறு ஜிபி தகவல், எல்லாம் மறையாக்கப்பட்டது. திறக்கும் சொற்களை மாற்ற நினைக்கிறார் கடைக்காரர். பழைய சாவியால் பூட்டியதையெல்லாம் திறந்து புதிய சாவியால் மறுபடி பூட்ட மணிக்கணக்கில் ஆக வேண்டாமா? ஆனால் சில நொடியில் முடிந்துவிடுகிறது.

டெல்டா வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாயத்துக்கு ஒரே ஒரு சாவி. அந்தச் சாவியின் நகல்களைச் சில சின்னப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு பெட்டி, மகனுக்கு ஒரு பெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு. அப்பா தன் பெட்டியின் பூட்டை மாற்ற விரும்பினால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். பத்தாயத்திலிருந்து ஒரு மணி நெல்லைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

கணினியில் பத்தாயத்துச் சாவியின் இடத்தில் இருப்பது முதன்மைச் சாவி. நிறுவும்போது கணினியே தற்செயலாக உண்டாக்கும் எண் அது, யாரும் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை. நாம் தட்டும் சொற்கள் சின்னப் பெட்டிகளைத்தான் திறக்கின்றன. லினக்ஸில் இந்த ஏற்பாட்டுக்கு லக்ஸ் என்று பெயர், 2004-05 வாக்கில் கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் வகுத்தது. முதல் பதிப்பில் எட்டுப் பெட்டிகள், இப்போதைய இரண்டாம் பதிப்பில் முப்பத்திரண்டு வரை. எல்லாம் மறையாக்கிய பகுதியின் தொடக்கத்தில், வழக்கமாக 16 எம்பி அளவுள்ள ஒரு தலைப்பகுதியில் இருக்கின்றன.

ஃப்ருவிர்த் செய்த ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பெட்டியை அழித்தால் அது உண்மையிலேயே அழிய வேண்டும். வட்டுகளோ பழைய எழுத்தின் சில துணுக்குகளை எங்காவது மிச்சம் வைத்துவிடும். முதன்மைச் சாவி அதிகம் போனால் 64 பைட், அவ்வளவு சின்னத் துணுக்கு தப்பிவிட வாய்ப்பு அதிகம். ஆகவே அதை 4000 மடங்காகப் பெருக்கி, ஏறத்தாழ 250 கேபி பரப்பில் விரித்து எழுதினார். அந்தப் பரப்பில் ஒரு சின்னப் பகுதி அழிந்தாலும் சாவியை மீட்க முடியாது. முழுவதும் தப்பினால்தான் சாவி தப்பும்.

பொத்தானை அழுத்தியதும்

கணினி எழுந்ததும் முதலில் வட்டில் ஒரு சிறு பகுதியைப் படிக்கிறது. அது மறையாக்கப்படாதது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் கேள்வி கேட்கும் நிரலையே படிக்க முடியாது அல்லவா? அந்தச் சிறு பகுதியில் லினக்ஸின் கருவும், கையளவு கருவிகள் அடங்கிய ஒரு தொகுப்பும் இருக்கும். கருந்திரையில் ஒரு வரி வருகிறது, வட்டைத் திறக்கும் சொற்களைக் கேட்கிறது. ஒரே சொல்லாக இல்லாமல் பல சொற்கள் கோத்ததாக இருப்பதால் இதைக் கடவுத்தொடர் என்று சொல்வோம். தட்டும் எழுத்து பெரும்பாலும் திரையில் தெரியாது, அல்லது புள்ளிகளாகத் தெரியும். என்டர் தட்டியதும் ஓரிரு நொடி அசையாமல் நிற்கும். பிறகு திறக்கும்.

அந்த ஓரிரு நொடி வேண்டுமென்றே செய்த தாமதம். தட்டிய தொடரை நேராகச் சாவியாகப் பயன்படுத்தினால், வட்டைத் திருடியவர் தன் கணினியில் நொடிக்குப் பல கோடி யூகங்களைப் போட்டுப் பார்த்துவிடுவார். ஆகவே தொடரை ஒரு கடினமான கணக்கில் அரைத்தெடுத்துத்தான் பெட்டி திறக்கிறது. லக்ஸின் இரண்டாம் பதிப்பு இதற்கு ஆர்கான்2 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. 2015-இல் முடிந்த ஓர் உலகப் போட்டியில் வென்ற முறை இது. வழக்கமான அமைப்பில் ஏறத்தாழ இரண்டு நொடி உழைப்பையும் ஒரு ஜிபி வரை நினைவகத்தையும் விழுங்கும். நினைவகம் கேட்பதில்தான் சூட்சுமம். ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கிராஃபிக்ஸ் அட்டைகூட ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு ஜிபி ஒதுக்க முடியாமல் திணறும். கடைக்காரருக்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு நொடி. திருடனுக்கு ஒவ்வொரு யூகத்துக்கும் அதே செலவு.

திறந்து கிடக்கும் அந்தச் சிறு பகுதி ஒரு பலவீனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் இல்லாதபோது ஒருவர் அதில் கள்ள நிரலை வைத்து, நீங்கள் தட்டும் தொடரைப் பதிவு செய்து, பிறகு மறுபடி வந்து எடுத்துக்கொள்ளலாம். 2009-இல் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா இதைச் செய்தே காட்டினார். பேருந்துத் திருடன் அப்படி இரண்டு முறை வரமாட்டான்.

நூற்று எழுபத்து நான்கு நெல்

ஆக, வட்டைத் திருடியவருக்கு இருக்கும் ஒரே வழி கடவுத்தொடரை யூகிப்பது. யூகம் ஒன்றுக்கு ஒரு நொடி என்று தாராளமாகவே வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

பிறந்த தேதியைத் தொடராக வைத்தால்? நூறு ஆண்டுக்கு 36,500 தேதிகள். ஒரே கணினிக்குப் பத்து மணி நேர வேலை. காலையில் திருடியவர் இரவுச் சாப்பாட்டுக்குள் திறந்துவிடுவார்.

நம் கடைக்காரர் கொஞ்சம் யோசிக்கிறார். பக்கத்தில் திருத்துறைப்பூண்டி. அங்கே காட்டிமேட்டுக்காரரான நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கும் விவசாயி மறு வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த ஏற்பாடு. 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் வயல்களில் இருக்கின்றன. அந்த நெற்பெயர்களிலிருந்து நான்கைக் கோத்தால் வெளியூர்த் திருடன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்பது கடைக்காரரின் எண்ணம்.

திருடன் இந்த அத்தியாயத்தைப் படித்திருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். சாவியைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரியும் என்று வைத்துத்தான் ஒரு பூட்டை எடைபோட வேண்டும் என்று 1883-இலேயே ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் எழுதிவைத்தார். நெற்பெயர்ப் பட்டியல் திருடன் கையில் இருக்கிறது, நான்கு பெயர் என்பதும் தெரியும்.

முதலில், கடைக்காரர் மனத்துக்குப் பிடித்த பெயர்களாக எடுத்தார் என்போம். மனத்தில் சட்டென்று வருபவை மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று ஒரு பத்துதான். ஒவ்வோர் இடத்துக்கும் பத்து வாய்ப்பு, நான்கு இடத்துக்கு 10,000. மூன்று மணி நேரத்துக்குள் கணினி திறந்துவிடும். எட்டுப் பெயர் வைத்தாலும் பத்துக் கோடிதான். ஆயிரம் கணினிகளை வாடகைக்கு எடுப்பவருக்கு அது ஒரு நாளும் சில மணி நேரமும்.

இப்போது தேர்வை மனத்திடமிருந்து பிடுங்கிவிடுவோம். 174 பெயர்களையும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே விவரம் அறியாத சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள், நமக்கும் அதுவே நல்லது. ஒரு சீட்டை எடுத்து, பெயரைக் குறித்துக்கொண்டு, சீட்டை மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்கி, அடுத்ததை எடுக்க வேண்டும். வந்த வரிசைதான் வரிசை. 'வாடன் சம்பா' பிடிக்கவில்லை, இன்னொன்று எடுக்கலாம் என்று நினைத்தால் மனம் மறுபடி உள்ளே நுழைந்துவிடும்.

இப்படி எடுத்த நான்கு பெயருக்கு வாய்ப்புகள் 174-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 91 கோடியே 66 லட்சம். ஒரு கணினிக்கு 29 ஆண்டு. நல்ல எண்ணாகத் தெரிகிறது. ஆனால் ஆயிரம் கணினிக்குப் பதினொரு நாள்கூட இல்லை. பத்து லட்சம் கணினி வைத்திருப்பவருக்குக் கால் மணி நேரம்.

எட்டு எடுத்தால்? இரண்டு மடங்கு பெயர் வைத்தால் இரண்டு மடங்கு பலம் என்று மனம் சொல்லும். கணக்கு அப்படி நடப்பதில்லை. 91 கோடியை மறுபடி 91 கோடியால் பெருக்க வேண்டும். பத்து லட்சம் கணினிகளும் இரவு பகலாக ஓடினாலும் எல்லா வாய்ப்புகளையும் தீர்க்க 26,000 ஆண்டுக்கு மேல். பாதி வழியிலேயே அதிர்ஷ்டம் அடித்தாலும் 13,000 ஆண்டு. அதே எட்டுப் பெயர், அதே நெல், அதே திருடன். பிடித்ததை எடுத்தபோது ஒரு நாள், குடம் எடுத்துக் கொடுத்தபோது இது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையில் ஒரு சாதாரண மனிதர் செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய நன்மை இந்தக் குலுக்கல்தான். இதே வேலைக்காக ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இல் 7776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தார். ஐந்து பகடை உருட்டினால் ஒரு சொல். பட்டியல் பெரிது என்பதால் ஆறு சொல்லிலேயே நம் எட்டைவிட அதிக பலம் கிடைக்கும். நாற்று நடும் மண்ணில் இருப்பவருக்கு அந்த அயல்மொழிச் சொற்களைவிட நெல்லின் பெயர் நினைவில் நிற்கும்.

சீட்டை வரிசையாக எழுதிய தாளை உடனே கிழிக்க வேண்டாம். மனப்பாடம் ஆகும்வரை வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

தமிழிலேயே தட்டலாமா

எட்டுப் பெயரும் தமிழ், அப்படியே தமிழ் எழுத்தில் வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் அதுதான் ஆசை. இன்றைய நிலையில் வேண்டாம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

கணினி எழும் அந்தத் தொடக்க நேரத்தில் தமிழ் 99 விசைப்பலகை வேலைக்கு வந்திருக்காது. அதை இயக்கும் மென்பொருள், பூட்டிய வட்டுக்குள் தூங்குகிறது. நிறுவும்போது தமிழில் வைத்துவிட்டு, மறுநாள் எழுப்பும்போது தட்ட வழியில்லாமல் நிற்க நேரும்.

அடுத்தது இன்னும் ஆழமான சிக்கல். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒரு விதம். ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் போடுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உள்ளே முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். எழுத்தைப் படிக்கும் மனிதனுக்கு இரண்டும் 'கொ'. மறையாக்கக் கணக்குக்கோ பைட்தான் தெரியும், இரண்டும் முற்றிலும் வேறு தொடர்கள். இன்று ஒரு விசைப்பலகையில் வைத்த தொடர் நாளை வேறு விசைப்பலகையில் தட்டினால் திறக்காமல் போகலாம், நீங்கள் ஓர் எழுத்தும் தவறவிட்டிருக்க மாட்டீர்கள். லக்ஸை உருவாக்குகிறவர்களே அடிப்படை ரோமன் எழுத்துகளோடு நிற்கும்படி அறிவுறுத்துகிறார்கள். தமிழுக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை இது, எழுத்தின் மேல் குறி போடும் பிரெஞ்சுக்காரருக்கும் உண்டு.

ரோமன் எழுத்தில் போனால் வேறொரு கண்ணி காத்திருக்கிறது. தூயமல்லியில் 'தூ'வுக்கு யு போடுவதா, இரண்டு ஓ போடுவதா? டி-க்குப் பின்னால் ஹெச் உண்டா? மாப்பிள்ளையில் பி எத்தனை, எல் எத்தனை? கல்யாணப் பத்திரிகையில் எப்படி எழுதினாலும் சொந்தக்காரர்கள் புரிந்துகொள்வார்கள். இங்கே ஓர் எழுத்து மாறினால் கதவு திறக்காது. ஆகவே சீட்டு எழுதும்போதே ரோமன் எழுத்துக்கோவையையும் அதில் எழுதிவிடுங்கள். எல்லாம் சிறிய எழுத்து, பெயருக்கு நடுவே ஓர் இடைவெளி என்று ஒரே விதியாக வைத்துக்கொண்டால் விரல் பழகிவிடும்.

மூடிய கணினி, அணைத்த கணினி

இவ்வளவையும் செய்துவிட்டு மடிக்கணினியின் மூடியைச் சாத்திப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறுகிறார் கடைக்காரர். கணினி அணையவில்லை, தூங்குகிறது. தூங்கும் கணினியின் நினைவகத்தில் முதன்மைச் சாவி அப்படியே விழித்திருக்கிறது. 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர், நினைவகச் சில்லுகளைக் குளிரவைத்தால் மின்சாரம் போன பிறகும் பல நிமிடங்கள் உள்ளடக்கம் தங்குகிறது என்றும், அதிலிருந்து சாவியை எடுத்துவிடலாம் என்றும் காட்டினார்கள். கடையைப் பூட்டும்போதும் பயணத்தின்போதும் கணினியை முழுவதும் அணைப்பதுதான் வழி. நினைவகம் நிரம்பினால் கொஞ்சத்தை வட்டில் இறக்கி வைக்கும் 'ஸ்வாப்' பகுதியும் மறையாக்கத்துக்குள் இருக்க வேண்டும். டெபியனின் 'வட்டு முழுவதும்' என்ற தேர்வு அதையும் சேர்த்தே செய்துவிடும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழையும்போது பெரும்பாலும் தானாகவே வட்டை மறையாக்கிவிடுகிறது. அங்கே கடவுத்தொடர் கேட்பதில்லை, சாவியைப் பலகையில் உள்ள ஒரு பாதுகாப்புச் சில்லு எடுத்துக் கொடுக்கிறது. மதர்போர்டு மாற்றினால் நீலத் திரையில் 48 இலக்க மீட்பெண்ணைக் கேட்கும். இனிமேல் பழுதுபார்க்கும் கடைப் பையன் மடிக்கணினியைப் பார்த்தும் கையை விரிக்கும் நாள் வரும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு எம்பி

முன்பு ஒத்திவைத்த அந்த ஒரே விலக்குக்கு வருவோம். முதன்மைச் சாவியின் பெட்டிகள் எல்லாம் தலைப்பகுதியில் இருக்கின்றன. ஐந்நூறு ஜிபி தகவலும் நலமாக இருந்து, இந்தப் பதினாறு எம்பி மட்டும் அழிந்தால் எல்லாம் போனதுதான். கடவுத்தொடர் சரியாக நினைவிருந்தும் பயனில்லை, அது திறக்க வேண்டிய பெட்டியே இல்லை. லக்ஸின் இரண்டாம் பதிப்பு தலைப்பகுதியின் விவரங்களை இரண்டு படிகளாக வைத்துக்கொள்கிறது. ஆனால் பெட்டிகள் இருக்கும் இடம் ஒரு படிதான்.

திருடனைவிட இதை அதிகம் செய்பவர்கள் வேண்டியவர்களே. மறையாக்கிய வட்டை விண்டோஸ் கணினியில் மாட்டினால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். உதவ வந்த பையன் நல்ல எண்ணத்தில் ஆம் என்று தட்டிவிடுவான். தலைப்பகுதியின் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிடும்.

மாற்று, தலைப்பகுதியை நகலெடுத்து வைப்பது. க்ரிப்ட்செட்டப் என்ற கருவியில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு, சில நொடி வேலை. அந்தக் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டுக் கடையிலும் இல்லாமல், அதே தெருவிலும் இல்லாமல், வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது முத்துப்பேட்டையும் சுற்றுப்புறமும் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்களுக்கு, ஒரே ஊரில் இரண்டு நகல் போதாது என்பதை விளக்க வேண்டியதில்லை. தலைப்பகுதியோடு தகவலின் நகலும் வேண்டும், வட்டு மூழ்கிவிட்டால் சாவி மட்டும் மிஞ்சி என்ன பயன்? இரண்டாவது பெட்டியைச் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு ஒதுக்கி, அவரையும் தனியாக எட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லலாம். கடைக்காரருக்கு ஏதாவது ஆனாலும் ஊராரின் தாள்கள் கிடைக்கும்.

நகல் எடுத்தவர்கள் மறந்துவிடும் ஒரு சங்கதி உண்டு. அந்த நகலில் இருப்பவை நகலெடுத்த அன்றைய பெட்டிகள். நாளைக்குக் கடையில் ஒருவர் கடவுத்தொடரைப் பார்த்துவிட்டார் என்று கடைக்காரர் அதை மாற்றுகிறார் என்போம். வட்டில் பழைய பெட்டி அழிந்துவிட்டது. உறவினர் வீட்டுப் பென்டிரைவில் அது உயிரோடு இருக்கிறது, முதன்மைச் சாவியும் மாறவில்லை. பழைய தொடரைத் தெரிந்தவர் கையில் அந்தப் பென்டிரைவும் கணினியும் சேர்ந்தால் திறந்துவிடும். ஆகவே தொடரை மாற்றிய அன்றே புதிய நகலை எடுத்துக்கொண்டு போய்ப் பழையதன் மேல் எழுதிவிட வேண்டும். பழைய கோப்பை அழித்தால் மட்டும் போதாது, பென்டிரைவுகளும் பழைய எழுத்தை மிச்சம் வைப்பவைதான். பழையதை உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது இன்னும் நல்லது.